பெண்சாதியின் குத்தகைக்காரன்

நோய், வருத்தம் என்று ஒன்று வருவதற்கு முன்பே அந்த வருத்தத்தைப் பற்றிக் கதைக்கிறவனை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. நான் உடுப்பிட்டியில் காப்புறுதி ஏஜன்ட். ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டிலில் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை, ஒப்பரேசன் என்றால் அதற்கு மேலே இன்னொரு தொகை என்று நான் வாய் திறந்ததும், வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய் விபூதியோடு வருவாள். எனக்குப் பூச அல்ல, நான் போன பிறகு வாசலில் தூவ. "தர்மாஸ்பத்திரி இருக்கு, மருந்து சும்மா தருவாங்கள். பேந்தென்ன காசு?" என்பார் புருஷன். "மருந்து சும்மாதான் அண்ணை. நீங்கள் அங்கை படுத்துக் கிடக்கேக்கை இஞ்சை வெங்காயப் பாத்தியளுக்கு ஆர் தண்ணி மாறி விடுறது?" என்று கேட்பேன். அதற்குப் பதில் இல்லாதபடியால் நாயை அவிழ்த்து விடுவார்கள்.

நாய் துரத்தாவிட்டாலும் நான் ஓடுகிறவன்தான். ஓரிடத்தில் இருக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். "நமசிவாயம் சைக்கிளிலை பிறந்தவன்" என்று அம்மா சொல்லுவா.

தங்கச்சி சிவக்கொழுந்தின் வீட்டில் மட்டும் எனக்கு நாய்ப் பயம் இல்லை. அவளுடைய புருஷன் முருகேசு பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். வேலையில் காளை, கதையில் ஊமை. அவன் பெயரில் நான் ஒரு காப்புறுதி எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு தவணைக்கும் தங்கச்சியோடு சண்டை பிடித்துத்தான் காசு வாங்குவேன்.

"உன்ரை கொமிசனுக்காக என்ரை மனிசனை வருத்தக்காரன் ஆக்கிப் போடாதை அண்ணை" என்று சொல்லிச் சொல்லியே சேலைத் தலைப்பில் முடிந்த காசை அவிழ்ப்பாள். ஆனாலும் தருவாள்.

எண்பத்துநாலாம் ஆண்டு வைகாசியில், சோழகக் காற்றுப் பிடித்து வீசத் தொடங்கிய நேரம், அரசாங்கத்துக்குத் திடீரென்று எங்கள் மேல் அன்பு வந்தது. சிறு விவசாயிகளுக்கு வருத்தக் காப்புறுதியாம். கட்டவேண்டிய காசில் முக்கால் பங்கை அரசாங்கமே மானியமாகப் போடுமாம். சேர விரும்புகிறவர்கள் மா, சீனி வாங்கப் போகிற சங்கக்கடையிலேயே பெயரைப் பதியலாமாம்.

நாயை அவிழ்த்தவர்கள் எல்லாம் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். நான் செருப்புத் தேயத் திரிந்து வருஷக்கணக்காகச் சொன்னதை மானியம் ஒரே கிழமையில் எல்லாருடைய மண்டையிலும் ஏற்றிவிட்டது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான், ஒரு பொழுது. மற்றப் பொழுதுக்குள் என்னுடைய பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள்.

"குறை நினையாதையும் நமசிவாயம். கால்வாசி கட்டினால் காணுமெண்டேக்கை முழுக்காசு கட்ட நாங்கள் என்ன விசரரே?"

நியாயம்தான். ஆனால் நியாயத்தைச் சோற்றில் பிசைந்து தின்ன முடியாது. ஏஜன்டும் இந்தப் புதுக் காப்புறுதியை எழுதலாம் என்று எங்கள் கம்பனிக் கந்தோரில் சொன்னார்கள். ஆனால் கொமிசன், சனம் கட்டுகிற கால்வாசிக்கு மட்டுந்தான். அதையும் சங்கக்கடைக்குப் போகிறவன் எனக்கேன் தரப்போகிறான்? எனக்கு நித்திரை போயிற்று. ஒரே நாளில் பருத்தித்துறைக்கும் நெல்லியடிக்கும் மாறி மாறிச் சைக்கிள் மிதித்தேன். போய்ச் செய்த வேலை ஒன்றுமில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்படித் திரிந்த ஒரு காலையில் தங்கச்சி வீட்டுப் படலையைத் திறந்தேன். முருகேசு தோட்டத்திலிருந்து தண்ணீர் இறைக்கிற மிசினைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு எட்டு வைப்பதும், மிசினை இறக்குவதும், அடிவயிற்றின் ஒரு பக்கத்தைக் கையால் அமத்திப் பிடித்தபடி நிற்பதுமாக இருந்தான். என்னைக் கண்டதும் கையை எடுத்தான்.

"என்ன மச்சான் அது?"

"ஒண்டுமில்லை. வாய்வு."

வாய்வு பிடித்தவன் வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்க மாட்டான். குசினிக்குள் போய்த் தங்கச்சியைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். குடலிறக்கமாம். படுத்து அமத்தினால் உள்ளே போகுமாம், எழும்பிப் பாரம் தூக்கினால் திரும்ப இறங்குமாம். மந்திகை ஆஸ்பத்திரி டொக்டர் உடனே வெட்டச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் சில மாதங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். வெங்காயம் கிண்டி எடுக்கும் வரைக்கும் ஒப்பரேசன் இல்லை என்று இவன் நிற்கிறானாம்.

"இதுக்குத்தானே நான் காப்புறுதி எழுதினது! கட்டில் காசிலை ஒரு ஆளைப் பிடிச்சு இறைப்பிச்சால் போச்சு. இண்டைக்கே கூட்டிக்கொண்டு போவம்."

அவள் திரும்பவில்லை. அகப்பையால் ஒன்றுமில்லாத சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கொழுந்து, கடைசித் தவணைக் காசை நீயே கந்தோருக்கு அனுப்பிறன் எண்டு சொன்னனி. அனுப்பினனியே?"

"அனுப்பேல்லை." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சங்கத்திலை புதுசிலை சேர்ந்திட்டம் அண்ணை. உனக்குச் சொன்னால் கோவிப்பாய் எண்டு சொல்லேல்லை. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சே பாக்கிறது?"

பல்லைப் பார்க்கிறதுதானே என்னுடைய தொழில். சங்கத்தில் கொடுத்த கார்ட்டை வாங்கிப் பார்த்தேன். விவசாயியின் பெயர் என்ற இடத்தில் சிவக்கொழுந்து என்று இருந்தது. தங்கி வாழ்வோர் என்ற இடத்தில் பிள்ளைகள் இரண்டு பேர். முருகேசுவின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

அந்தக் கார்ட்டை அச்சடித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அவர்களுடைய நினைப்பில் விவசாயி என்றால் ஆம்பிளை. அவன் பெயரில் ஒரு துண்டுக் காணி இருக்கும், அவனை நம்பிப் பெண்சாதி பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளையின் பெயரில் காணி இருக்கிறது? காணி, கிணறு, வீடு எல்லாம் பெண்ணுக்குச் சீதனமாக எழுதி வருவது. ஆம்பிளை வேட்டி சால்வையோடு வந்து ஏறுவான், சாகும் வரைக்கும் பெண்சாதியின் தோட்டத்தில் கொத்துவான். சங்கத்தில் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவா என்றார்கள். உறுதியில் இருந்த பெயரைப் பதிந்தார்கள், புருஷன் என்று எழுத அதில் இடமே இல்லை. காப்புறுதி வீட்டுக்குத்தானே என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஊரிலுள்ள பெண்டுகள் எல்லாம் காப்புறுதி உள்ள விவசாயிகள், மண்வெட்டி பிடிக்கிற ஆம்பிளைகள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கார்ட்டை அடுப்புக்குள் எறியப் போனேன். தங்கச்சி கையைப் பிடித்துவிட்டாள்.

"இவருக்கு இப்ப ஒண்டும் இல்லையே அண்ணை?"

"இல்லை."

அவள் அப்படியே குந்திவிட்டாள். அவளைத் திட்ட மனம் வரவில்லை. நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தாள், அதில் என்ன பிழை?

தவணை கட்டாமல் செத்துப்போன பழைய காப்புறுதியை எழுப்புவதற்கு டொக்டரின் சான்று வேண்டும். குடலைக் கையால் அமத்திக்கொண்டு நிற்கிறவனுக்கு யார் சான்று தருவார்? மிஞ்சியது புதுத் திட்டந்தான். அதில் ஒரு புண்ணியம் இருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் சேர்கிறவனிடம் ஏற்கெனவே வருத்தம் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு கேட்பார்கள். சங்கக்கடைக்குப் பறந்தேன். பதிவு எழுதுகிற செபநாயகம் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். என் பிழைப்பைப் பறித்துவிட்டோம் என்ற வெட்கம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும், மரியாதையாகவே கதைத்தார்.

"காணி பேரிலை இருக்கவேணும், இல்லாட்டில் குத்தகை உறுதி இருக்கவேணும். நான் என்ன செய்ய? முருகேசர் ஆற்றையும் காணியைக் குத்தகைக்குச் செய்யிறாரோ?"

"ஓம். பெண்சாதியின்ரை காணியை."

செபநாயகம் சிரித்தார். பிறகு நிறுத்தினார். திரும்ப விதிகளை வாசித்துப் பார்த்தார். "பெண்சாதியிட்டைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாதெண்டு இதிலை எழுதேல்லைத்தான். ஆனால் குத்தகை ஆக்களின்ரை பதிவு யாழ்ப்பாணக் கந்தோரிலை. நீர்தான் நேரை கொண்டுபோகவேணும்."

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் பச்சை வெங்காயம் அவிந்திருக்கும்.

"என்ன சொன்னனி? நான் கொழுந்தின்ரை குத்தகைக்காரனோ?"

"பேருக்குத்தான் மச்சான்."

"ஊர் சிரிக்கும்."

"குடல் சிக்கினால் ஊர் அழும். எது விருப்பம்?"

"உன்ரை கொப்பர் தந்த காணியிலை நான் ஒரு நாளும் என்ரை எண்டு கால் வைக்கேல்லை. பிள்ளைக்குப் போகவேண்டிய காணி. அதிலை என்ரை பேரை எழுதினால் நாளைக்கு என்ன கதைப்பாங்கள் தெரியுமே? மனிசியின்ரை சீதனத்தைச் சுருட்டினவன் எண்டு கதைப்பாங்கள். நீ தமையன், நீதான் எனக்கு முதல் அடிக்க வரவேணும். வந்து நிண்டு எழுதச் சொல்லுறாய்!"

அவன் ஒரேயடியாக அவ்வளவு கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கும் கோபம் ஏறிவிட்டது. அந்தக் காணியைச் சீதனமாகக் கொடுக்கும்போது எங்கள் அப்புவோடு நானும் வேலி அடைத்தவன். "சுருட்டடா, நான் பாத்துக்கொள்ளுறன்!" என்று கத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் நின்றவர்கள் மிசினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பின்னேரத்துக்குள் ஊரில் கதை பரவிவிட்டது. நமசிவாயம் ஒரு கொமிசனுக்காகத் தங்கச்சியின் காணியை மச்சானுக்கு எழுதப் போகிறானாம். கோவிலடியில் நின்றவர்கள் என் காதில் விழும்படியாகவே சொன்னார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதற்குக்கூட எனக்கு நேரமில்லை. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது.

அவனை வழிக்குக் கொண்டுவந்தது நான் அல்ல. பங்குக் கிணற்றில் அடுத்த இறைப்பு முறை வந்தபோது தங்கச்சி சேலையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு போய் மிசினைத் தூக்கினாளாம்.

"விடு, நான் தூக்கிறன்" என்று இவன் ஓடியிருக்கிறான்.

"ஏன்? கார்ட்டிலை கமக்காரி நான்தானே. எனக்கு இடுப்பு முறிஞ்சால் அரசாங்கம் காசு தரும். உங்களுக்கு ஆர் தருவான்?"

நெல்லியடியில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு குத்தகை உறுதியை வாசித்தார். குத்தகைக்குக் கொடுப்பவர் சிவக்கொழுந்து, எடுப்பவர் அவருடைய கணவர் முருகேசு என்று வந்த இடத்தில் ஒருமுறை இருமினார். குத்தகை என்னவென்று கேட்டார்.

"வருசத்துக்கு ஒரு தேங்காய்" என்றான் முருகேசு, நிலத்தைப் பார்த்தபடி.

"ரண்டு" என்றாள் தங்கச்சி.

கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தவன் எங்களை விட்டு விலகி, பஸ்சில் முன்னால் போய்த் தனியே நின்றான். இறங்கும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நோவிலா, அவமானத்திலா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள்தான் பதிவின் கடைசி நாள். உறுதியை உறையில் போட்டு மடியில் செருகிக்கொண்டு முதல் பஸ்சில் யாழ்ப்பாணத்துக்கு ஏறினேன். வல்லை என்ற வெட்டவெளியில் பஸ் நின்றது. முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. எங்கேயோ ஜீப் ஒன்றுக்குக் குண்டு எறிந்துவிட்டார்களாம், ஆமி றோட்டை மறித்துவிட்டதாம். இறங்கினேன், ஏறினேன், திரும்ப இறங்கினேன். வெளியில் அடித்த சோழகம் வாயெல்லாம் மண்ணை நிரப்பியது. சாரதி பஸ்சைத் திருப்பினார். நான் உடுப்பிட்டிக்கு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கொடிகாமப் பக்கத்தால் சுற்றிப் போகலாம் என்று மிதித்தேன். பாதி வழியில் எதிரே வந்த லொறிக்காரன் கையைக் காட்டி மறித்தான். "ஊரடங்கு போட்டிட்டாங்கள், திரும்பும். சுட்டுப் போடுவாங்கள்." அப்படியும் கொஞ்சத் தூரம் மிதித்தேன். பிறகு றோட்டில் ஒரு சனமும் இல்லாததைக் கண்டு பயம் பிடித்துத் திரும்பினேன். மடியில் உறை வேர்வையில் ஊறிக் கிடந்தது.

தங்கச்சி வீட்டுப் படலையில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு லூர்த்தம்மா ஓடி வந்தா. "உங்களைத் தேடித் திரியினம் அண்ணை. முருகேசண்ணை வெங்காயத்துக்கை விழுந்திட்டார். குடல் சிக்கியிட்டுதாம். ஒழுங்கையாலை கார் பிடிச்சு மந்திகைக்குக் கொண்டு போயிட்டினம்."

ஊரடங்குக்கு ஒளித்துச் சின்ன ஒழுங்கைகளால் நானும் மிதித்துப் போனேன். ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலில் கிடத்தி வைத்திருந்தார்கள். முகம் சாம்பலாயிருந்தது. நேர்ஸ் ஒப்பரேசனுக்குச் சம்மதம் கேட்டுக் கடுதாசியோடு நின்றா. அவன் பேனையைத் தொடவில்லை. டொக்டர் இரண்டு தரம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாராம்.

"நாளைக்கு எங்கடை இறைப்பு முறை" என்றான் என்னைக் கண்டதும். எங்கள் கிணறு பங்குக் கிணறு. முறையைத் தவற விட்டால் அடுத்தது வர நாலு நாள் செல்லும். அந்த வெயிலில் வெங்காயம் நாலு நாள் தாங்காது. "நோகாமல் ஒரு ஊசியைப் போடச் சொல்லு. முறை முடிச்சிட்டு வந்து படுக்கிறன். கூலிக்கு ஆள் பிடிக்க என்னட்டை எங்கை..." பல்லைக் கடித்தான். பிறகு என் கையைப் பிடித்தான். "மச்சான், உது பதிஞ்சாச்சோ?"

தங்கச்சி கட்டில் காலடியில் நின்றாள். நான் மண் படிந்த வாயோடு வந்த கோலத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஓம் என்று சொல்லச் சொல்கிறாள்.

"ஓம்" என்றேன். "பதிஞ்சாச்சு. நாளைக்கு நான் ஆள் வைச்சு இறைப்பிக்கிறன். கம்பனிக் காசிலை. நீ கையெழுத்தை வை."

வைத்தான்.

ஆள் எங்கே வைப்பது? முழுக்காசு கட்டின பழைய ஆட்கள் ஒருவரும் இல்லாமல் கை வறண்டு கிடந்த நேரம். விடியச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானே தோட்டத்துக்குப் போனேன். தங்கச்சி கயிற்றை இழுத்து மிசினை ஓட்டினாள். நான் தண்ணீர் மாறினேன். எங்கள் பரம்பரையிலேயே இப்படிக் கேவலமாக ஒருவன் தண்ணீர் மாறியிருக்க மாட்டான். ஒரு பாத்திக்கு வரம்பை வெட்டி வாயைத் திறந்தால் மற்றப் பாத்தி உடைந்தது. அதை அடைக்க ஓடினால் வாய்க்கால் உடைந்தது. காப்புறுதிக்கு ஓடிப் பழகின கால்தான், சேற்றில் உதவவில்லை.

"என்ன ஏஜன்ட், கமக்காரன் ஆகியாச்சோ?" என்று வேலிக்கு அப்பால் சத்தம் வந்தது.

"ஓம்! மானியத்தோடை!" என்று கத்தினேன்.

முறைக்கு முறை போனேன். உள்ளங்கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, உடைந்த இடத்தில் திரும்பக் கொப்பளித்தது. துவாயைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு கொத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுற்றினதை அவிழ்த்துவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

முருகேசு தேறிவந்தான். தேறியது மட்டுமல்ல, ஊமைக்கு வாயும் வந்துவிட்டது. ஒரு நாள் நான் தேத்தண்ணிப் போத்தலோடு உள்ளே போனபோது, பக்கத்துக் கட்டில்காரருக்குப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அவர் தம்பிஐயா, புலோலியில் புகையிலைத் தோட்டம்.

"நான் இஞ்சை படுத்துக் கிடக்கிறன், அங்கை கம்பனி ஆள் வைச்சு இறைக்குது. ஒரு முறை பிழைக்கேல்லை. அரசாங்கம் முக்கால், நாங்கள் கால். இவர்தான் என்ரை மச்சான், எழுதினவர்."

தம்பிஐயா எழும்பி இருந்தார். "அப்ப எனக்கும் ஒண்டு எழுதித் தாரும் தம்பி. நான் படுத்தாப்போலை என்ரை புகையிலை எல்லாம் கருகிப் போச்சு."

அந்த மனிதரின் முகத்தில் ஆசை அப்படியே தெரிந்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒருவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"காணி ஆற்றை பேரிலை?" என்று கேட்டேன்.

"மனிசியின்ரை. சீதனம்."

நான் போத்தல் மூடியைத் திருகினேன். கை எரிந்தது, மூடி வழுக்கியது. முருகேசு போத்தலை வாங்கக் கையை நீட்டினான். போத்தலை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பினான்.

புதிதாக மண்வெட்டி பிடிக்கிறவனுக்குக் கொப்பளம் எந்த எந்த இடத்தில் போடும் என்று ஒரு தோட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் கையை இழுத்தேன், அவன் விடவில்லை. அவனுடைய தாடை அசைந்தது. கண் கலங்கி வந்ததை மறைக்க மறுபக்கம் திரும்பினான். அங்கே தம்பிஐயா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"முதலிலை மனிசியிட்டைக் காணியைக் குத்தகைக்கு எழுதி எடும்" என்றான் முருகேசு, வார்டு முழுவதற்கும் கேட்கும்படியாக. "வெக்கப்படாதையும். நான் என்ரை மனிசியின்ரை குத்தகைக்காரன். வருசத்துக்கு ரண்டு தேங்காய்."

பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தணித்தான். "மண்வெட்டியை இறுக்கிப் பிடியாதை. வாயை வெட்டின உடனை மண்ணைக் காலாலை மிதிச்சு அடை. நாளையிண்டைக்கு எங்கடை முறை. கிழக்குப் பாத்தி பள்ளம், அதை முதலிலை விடு. விளங்குதே?"

"ஓம் மச்சான்" என்றேன். இந்தத் தரம் சொன்ன ஓம் பொய்யில்லை.